பிறப்பு ரகசியம் யாருக்காகச் சொல்லப்படுகிறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ‘மதுரை வீரன்’ பார்த்தோம். பழைய படம் ஒன்று பார்க்கலாம் என்று சொன்னது நான்தான். பதினைந்து பேர் இருந்திருப்போம். பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள், மீதிப் பேர் கல்லூரிக்குப் போகிறவர்கள். சுவரோரமாக இரண்டு பாட்டிகள். எம்.ஜி.ஆர். வந்ததும் பாட்டிகள் விசில் அடிக்காததுதான் குறை.

படம் முடிந்து பாயைச் சுருட்டும்போது இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒரு தங்கை கேட்டாள்: “அக்கா, அவன் ராஜா பெத்த புள்ளைன்னு பொம்மிக்குத் தெரியுமா?”

“விரும்புறப்போ தெரியாது.”

“அப்ப அவ செருப்புத் தைக்கிறவரு வீட்டுப் புள்ளையைத்தானே விரும்புனா? அவளுக்கே தேவைப்படாத சேதியை நமக்கு எதுக்கு மொதல்லயே சொல்றாங்க?”

எம்.ஏ. சமூகவியல் படித்தவள் நான். எத்தனையோ முறை அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. அன்றைக்கு அவளுக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவும் இல்லை. இந்தப் பதிவு அவளுக்கான பதில்.

தங்கையே, அந்தச் சேதி பொம்மிக்காகச் சொல்லப்படவில்லை. படம் பார்க்கிற சாதிக்காரருக்காகச் சொல்லப்படுகிறது. “பதறாதீங்க, நம்ம வீட்டுப் பொண்ணு கீழே இறங்கல. அவன் நெஜமாவே ராஜா மகன்தான்” என்று அவர் காதோரம் சொல்லப்படுகிற ஆறுதல் அது. திரைக்குள் ஒரு பெண் கோட்டைத் தாண்டுகிறாள். திரைக்கு வெளியே கோடு அப்படியே இருக்கிறது என்று படம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறது. இந்த ஒரு வித்தையில் இரண்டு திருட்டு நடக்கிறது. அவனுடைய பிறப்பு திருடப்படுகிறது. அவளுடைய முடிவும் திருடப்படுகிறது.

முதல் திருட்டைப் பற்றி நம் தோழர்கள் நிறையப் பேசிவிட்டோம். இரண்டாவதைப் பேசவே இல்லை. நான் சண்டைக்கு வருவது அதற்காகத்தான்.

*

‘மதுரை வீரன்’ வந்தது 1956-இல். கண்ணதாசன் வசனம், யோகானந்த் இயக்கம். அருந்ததிய மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கும்பிடுகிற வீரன் படத்தில் காசி ராஜாவின் பிள்ளை ஆகிறான். கெட்ட சகுனத்தோடு பிறந்தான் என்று காட்டில் விடப்பட்டு, சின்னான், செல்லி என்ற தம்பதியிடம் வளர்கிறான். வளர்த்தவர்களாக வந்தது என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும். படம் ஓடு ஓடு என்று ஓடியது.

இங்கே ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும். காசி ராஜா கதையைச் சினிமாக்காரர்கள் புதிதாக எழுதவில்லை. அதற்கு முன்பே அச்சில் வந்த கதைப்பாடல்களில் அது இருக்கிறது. கதைப்பாடல்களைப் பதிப்பித்த நா. வானமாமலை, முத்துப்பட்டன் கதையில் இதே வேலை நடந்திருப்பதை எடுத்துக்காட்டினார். பிராமணனான முத்துப்பட்டன் மணந்த பொம்மக்காவும் திம்மக்காவும் சக்கிலியர் வீட்டுப் பெண்கள். பின்னால் வந்தவர்கள் அந்த இருவரையும் காட்டில் கிடைத்த பிராமணக் குழந்தைகள் என்று மாற்றிவிட்டார்கள். ஆக, நோய் பழையது. சினிமா செய்தது என்ன என்றால், ஊருக்கு ஊர் வெவ்வேறாகச் சொல்லப்பட்ட கதையை ஒரே கதையாக்கி, டூரிங் டாக்கீஸ் போன இடமெல்லாம் அதையே உண்மையாக்கியது. வாய்வழியாகச் சொல்லும்போது ஒரு கிழவி அந்தப் பகுதியை விட்டுவிட்டுச் சொல்லலாம். பிலிம் சுருள் எதையும் விடாது.

இது மதுரைக்காரர் விவகாரம் என்று நம் மாவட்டம் தப்பித்துக்கொள்ள முடியாது. புதுக்கோட்டை தந்த முதல் பெரிய நட்சத்திரம் பி.யு.சின்னப்பா. பெயரின் முன்னெழுத்திலேயே ஊர் இருக்கிறது. ஊரில் வீடு வீடாக வாங்கிக் குவித்தார், இனிமேல் அவருக்கு யாரும் வீடு விற்கக் கூடாது என்று ராஜாவே உத்தரவு போட்டார் என்று எங்கள் பெரியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அந்தச் சின்னப்பாவுக்குப் பெரும்புகழ் சேர்த்த படங்களில் ஒன்று 1941-இல் வந்த ‘ஆர்யமாலா’. அதில் அவர்தான் காத்தவராயன்.

காத்தவராயன் யார்? கதைப்பாடல் சொல்கிறபடி, பறையர் வீட்டில் வளர்ந்தவன். உயர்ந்த குலத்துப் பெண் ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுமரத்தில் ஏற்றப்பட்டவன். இன்றும் நம் பக்கத்துக் கோயில்களில் மாரியம்மனுக்குக் காவலாக நிற்கிறான். கழுமரம் ஏறுகிற சடங்கு நடக்கிறது. கதையின் மேலே போர்த்தியிருக்கிற துணியைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். உள்ளே இருப்பது ஒரு ஆணவக் கொலை. நாம் இன்று எந்தப் பெயரில் வழக்குப் போடுகிறோமோ அதே குற்றம்.

அதன்மேல் போர்த்தப்பட்ட துணி எது? அவன் உண்மையில் பார்வதியின் பிள்ளை, சிவன் கொடுத்த சாபத்தால் பூமிக்கு வந்தான், கழுவேறித்தான் ஆக வேண்டும் என்பது விதி. இந்தத் துணியைப் போர்த்தியதும் என்ன நடக்கிறது பாருங்கள். அவன் பறையர் வீட்டுப் பிள்ளை இல்லை என்றாகிறது. கழுமரம் நட்டவன் கொலைகாரன் இல்லை என்றாகிறது, சாபத்தை நிறைவேற்றியவன்தான். ஆரியமாலை என்ற பெண் தன் மனதால் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை, எல்லாம் மேலே எழுதியிருந்தது. கொலையும் இல்லை, குற்றவாளியும் இல்லை, காதலும் இல்லை. 1958-இல் சிவாஜியும் சாவித்திரியும் நடித்து அந்தக் கதை ‘காத்தவராயன்’ என்று மறுபடியும் வந்தது. ஒரு கொலையை இவ்வளவு பக்தியோடு மறைத்த ஊர் வேறு எங்கே இருக்கிறது?

நம்மூர்க்காரர் இன்னொருவர் ஜெமினி கணேசன். அவருடைய ‘மிஸ்ஸியம்மா’ 1955-இல் வந்தது. இதில் சாமியும் இல்லை, சாபமும் இல்லை. சிரிப்புப் படம். எனக்கும் மிகவும் பிடித்த படம், ஒளிக்கவில்லை. சாவித்திரி மேரியாக வருகிறார். படித்த பெண். கடனை அடைக்க வேலை வேண்டும். கணவன் மனைவியாக வருகிற பட்டதாரிகளுக்குத்தான் வேலை என்றதும், முன்பின் தெரியாத ஓர் இந்து இளைஞனின் மனைவியாக நடிக்கத் துணிகிறாள். கோபப்படுகிறாள், பேரம் பேசுகிறாள், சிலுவையை விட்டுக்கொடுக்க மறுக்கிறாள். 1955-இல் இப்படி ஒரு பெண்ணைத் திரையில் பார்த்தபோது பெண்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள்!

முடிவு என்ன? மேரி என்று ஒருத்தியே இல்லை. அவள் சின்ன வயதில் தொலைந்துபோன ஜமீன்தார் மகள் மகாலட்சுமி. மதம் தாண்டிய கல்யாணம் என்ற பிரச்சினை, மதமே காணாமல் போனதால் தீர்ந்துவிடுகிறது. தன் உழைப்பில் நிற்பேன் என்றவள் ஜமீன் வாரிசாகிவிடுகிறாள். ஒரே ரகசியத்தில் கிறித்தவமும் போயிற்று, சம்பளக்காரியும் போனாள்.

சாமி படம், ராஜா படம், சிரிப்புப் படம். மூன்றுக்கும் சாவி ஒன்றுதான்.

*

இந்தச் சாவி ஏன் இவ்வளவு தேவைப்பட்டது? நான் படித்த கல்லூரியில் சாதியைப் பற்றி எம்.என்.சீனிவாஸ் வரை சொல்லிக் கொடுத்தார்கள். 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது அம்பேத்கர் படித்த கட்டுரையைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை நானாகத் தேடிப் படித்தேன். சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்கிறார் அவர். குழுவுக்குள்ளேயே கல்யாணம் என்ற வேலி நிற்க வேண்டுமானால் பெண்ணைக் கட்டிவைக்க வேண்டும். சதி, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் எல்லாம் அந்த வேலியைக் காக்க வந்த ஏற்பாடுகள் என்று விளக்குகிறார்.

அப்படியானால் ஒரு பெண் தன் விருப்பத்துக்கு ஒருவனைத் தேர்ந்தெடுப்பது வெறும் காதல் விவகாரம் இல்லை. வேலியின் முளைக்குச்சியைப் பிடுங்குகிற காரியம். வீட்டு வேலையில் ஒரு மாமியாரை எதிர்த்துப் பேசுகிற பெண்ணைத் திரை பொறுத்துக்கொள்ளும். தியாகம் செய்கிற பெண்ணுக்குக் கோயிலே கட்டும். வேலியைப் பிடுங்குகிற பெண்ணை மட்டும் அதனால் பொறுக்க முடியாது. அவள் பிடுங்கியது வேலியே இல்லை என்று நிரூபித்தாக வேண்டும். அதற்குத்தான் பிறப்பு ரகசியம்.

பெண் விடுதலை ஒரு தலைப்பு, சாதி ஒழிப்பு வேறு தலைப்பு என்று தனித்தனியாகக் கருத்தரங்கம் நடத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன். இந்தப் படங்களை எடுத்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் தெரியவில்லை.

*

இப்போது வழக்கமான பதில் வரும். “அது அந்தக் காலம்மா. அந்தக் காலத்துப் படத்தை இந்தக் காலத்துக் கண்ணோடு பார்க்கலாமா?”

அந்தக் காலத்துக் கண்ணோடே பார்ப்போம். ஆனால் யாருடைய கண்?

1886-இல் இதே புதுக்கோட்டையில் சந்திரம்மாள் என்ற இசை வேளாளர் பெண்ணுக்குப் பிறந்தவர் முத்துலட்சுமி. ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரிக்குள் நுழைந்தார். 1912-இல் டாக்டர் ஆனார். 1927-இல் சென்னை சட்டமன்றத்துக்குள் போனார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார், 1947-இல் சட்டம் வந்தது. சின்னப்பா காத்தவராயனாக நடித்தபோது முத்துலட்சுமி ரெட்டி தமிழ்நாடு அறிந்த தலைவர்.

1931-இல் முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’. நாயகி டி.பி.ராஜலட்சுமி. சிறுவயதில் கட்டிவைத்த கல்யாணம் முறிந்து மேடைக்கு வந்தவர். 1936-இல் தானே எழுதிய கதையை ‘மிஸ் கமலா’ என்று தானே இயக்கினார். அதே 1936-இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் தாசி முறையைத் தோலுரித்து நாவல் எழுதினார். அதற்கும் முன்பே 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணமுறிவு உரிமையும் கேட்டுத் தீர்மானம் போட்டுவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலே அன்னை மீனாம்பாள் சிவராஜ். நம் பெண். ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பட்டம் கொடுத்த 1938 சென்னைப் பெண்கள் மாநாட்டில் முன்னின்றவர்களில் ஒருவர். மேடை ஏறிப் பேசினார், மாநகராட்சியில் உட்கார்ந்தார், அம்பேத்கரோடு நின்றார். இப்படி ஒரு தலித் பெண் ஊரறிய நடமாடிக்கொண்டிருந்த அதே சென்னையில்தான் ஸ்டூடியோக்கள் இருந்தன. அவரைப் போல ஒருத்தி கதாபாத்திரமாக ஏன் வரவில்லை? நம் வீட்டுப் பெண் ஏன் செல்லியாக, சிரிக்க வைக்கிறவளாக, யாரோ பெற்ற ராஜா மகனை வளர்த்துக் கொடுக்கிறவளாக மட்டும் வந்தாள்?

சினிமாவுக்குள்ளேயே மாற்று இருந்தது. கே.சுப்ரமணியத்தின் ‘தியாகபூமி’ 1939-இல் வந்தது. கணவன் வீட்டை விட்டு வந்த சாவித்திரி பணக்காரியாகத் திரும்பி வருகிறாள். சேர்ந்து வாழ வேண்டும் என்று கணவன் கோர்ட்டுக்குப் போக, வேண்டுமானால் அவனுக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். பிரிட்டிஷ் அரசு அந்தப் படத்தைத் தடை செய்தது. அந்தப் படத்திலும் எனக்கு வழக்கு உண்டு. புயலில் சேரி மக்களுக்கு இடம் கொடுத்ததற்காக அவள் அப்பா சம்பு சாஸ்திரி அக்கிரகாரத்திலிருந்து ஒதுக்கப்படுகிறார். தியாகம் அவருடையது, நன்றி மட்டும் நம்முடையது. சேரியில் ஒரு சாவித்திரி இல்லை. ஆனாலும் 1939-இல் ஒரு பெண் “வர மாட்டேன்” என்று திரையில் சொல்ல முடிந்தது. அதற்குப் பதினாறு, பதினேழு வருடம் கழித்து மேரியை மகாலட்சுமி ஆக்கியதற்கும் வீரனை ராஜகுமாரன் ஆக்கியதற்கும் காலத்தைக் கைகாட்டாதீர்கள். காலம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. படம் எடுத்தவர்கள் தெரிந்தே பின்னால் நடந்தார்கள்.

*

யார் யாராக நடிக்கலாம் என்பதிலும் இந்த வேலி இருந்தது. 1935-இல் ‘நந்தனார்’ படத்தில் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். பெண், ஆண் வேடத்தில். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்று நாடே பேசியது. மற்ற சாதிக்காரர் நம் வேடம் போட்டால் அது கலை, பக்தி.

திருப்பிப் பாருங்கள். அதற்குச் சில வருடங்கள் முன்பு பக்கத்தில் திருவனந்தபுரத்தில் ஜே.சி.டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ என்ற முதல் மலையாளப் படத்தில் பி.கே.ரோசி என்ற தலித் பெண் நாயர் பெண்ணாக நடித்தார். திரையிட்டபோது கூட்டம் கல்லெறிந்தது. அவர் ஊரை விட்டே ஓட வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, பெயர் மாற்றிக்கொண்டு, நடித்ததையே மறைத்து வாழ்ந்து முடித்தார். பொம்மியின் காதலனுக்குப் பொய்யாக ஓர் உயர்ந்த பிறப்பைத் தந்து கைதட்டிய அதே சமூகம், உண்மையான ஒரு பெண் இரண்டு மணி நேரத்துக்கு உயர்ந்த சாதி வேடம் போட்டதைப் பொறுக்கவில்லை. பிறப்பு ரகசியம் திரையில் ஆணுக்குக் கிரீடம். வாழ்க்கையில் ரோசிக்கு அது சாகும்வரை மறைக்க வேண்டிய ரகசியம்.

*

எல்லாக் கதையிலும் பிறப்பு ரகசியம் வைக்க முடியாதே, அப்போது என்ன செய்தார்கள்? நெருப்பு வைத்தார்கள்.

நந்தன் நெருப்பில் இறங்கித்தான் உள்ளே போக முடிந்தது. 1935-இலும் அப்படித்தான், 1942 ஜெமினி படத்திலும் அப்படித்தான். 1985-இல் ‘முதல் மரியாதை’யில் செருப்புத் தைப்பவரின் மகள் செவுளி ஊர்ப் பெரியவர் வீட்டு உறவுக்காரப் பையனைக் காதலித்துக் கல்யாணமும் செய்துகொள்கிறாள். சந்தோஷமாக ஒரு பாட்டு முடிவதற்குள் நகைக்காகக் கொல்லப்படுகிறாள். கொலைக்குக் காரணம் சாதி இல்லை என்று கதை பார்த்துக்கொள்கிறது. 1997-இல் ‘பாரதி கண்ணம்மா’. பண்ணையார் மகள் கண்ணம்மா, வீட்டில் வேலை செய்கிற தலித் இளைஞன் பாரதியை விரும்புகிறாள். அவன் எஜமான விசுவாசத்தில் மறுக்கிறான். அவள் விஷம் குடிக்கிறாள். அவள் சிதையில் அவன் விழுகிறான்.

‘பாரதி கண்ணம்மா’வைச் சாதிக்கு எதிரான படம் என்று நானும் ஒரு காலத்தில் அழுதுகொண்டே பார்த்தேன். இன்று பார்க்கும்போது வேறொன்று தெரிகிறது. அந்தப் படத்தில் தெளிவாக ஒரு முடிவு எடுத்தவள் கண்ணம்மா ஒருத்திதான். அவளுக்கு இல்லை என்று சொன்னது அவள் அப்பா மட்டும் இல்லை, காதலனும்தான். நல்ல தலித் ஆண் என்றால் அவளுடைய விருப்பத்தைவிட அவள் அப்பாவின் மானத்தைப் பெரிதாக நினைப்பவன் என்று படம் பாடம் நடத்துகிறது. உயிரோடு இருக்கும்வரை சேரக் கூடாது. சாம்பலான பிறகு சேரலாம். சாம்பலுக்குச் சாதி இல்லையாம்!

இதெல்லாம் வெறும் படம் என்பவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்டுகிறேன். கண்ணகி. சின்னப்பா கோவலனாக நடித்து, கண்ணாம்பா மதுரையை எரித்த 1942 படத்துக் கண்ணகியைச் சொல்லவில்லை. கடலூர் மாவட்டம் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டைக் கண்ணகியைச் சொல்கிறேன். 2003-இல், பொறியியல் படித்த முருகேசன் என்ற தலித் இளைஞனை அவர் தானே விரும்பிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அந்த ஜூலையில் இருவரையும் பிடித்து வந்து, மூக்கிலும் காதிலும் விஷம் ஊற்றிக் கொன்று, எரித்தார்கள். கொன்றவர்களில் கண்ணகியின் அண்ணனும் உண்டு. தீர்ப்பு வர 2021 ஆனது. உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது 2025-இல்.

கணவனுக்காக ஊரை எரித்த கண்ணகிக்குச் சிலை. கணவனைத் தானே தேர்ந்தெடுத்த கண்ணகிக்கு நெருப்பு. முருகேசன் இன்ஜினியர் என்று அந்த வீட்டாருக்குத் தெரியும். அது அவனைக் காப்பாற்றவில்லை. அவன் ராஜா மகனாக இருந்தால்தான் ஒத்துக்கொள்வார்கள் என்று தலைமுறை தலைமுறையாகப் படம் சொல்லிக் கொடுத்திருந்ததே! காசியிலிருந்து எந்த ராஜாவும் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை.

*

நம் பாட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் ஏமாந்தார்களா? அன்றைக்குப் படம் முடிந்ததும் சுவரோரம் இருந்த பாட்டியிடம், “ஆயா, வீரன் ராஜா வீட்டுப் பையனாமே?” என்று கேட்டேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “அது சினிமாக்காரன் சொல்றது. அவன் நம்ம புள்ளை” என்றார். அவ்வளவுதான். எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தராத விமர்சனம். படத்தில் வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டாததைத் துப்பிவிட்டுத்தான் அவர்கள் டாக்கீஸை விட்டு வந்திருக்கிறார்கள். ஆகவே பழைய படங்களைப் பார்க்காதே, தடைசெய் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பாட்டி மாதிரி பாருங்கள் என்கிறேன்.

ஆனால் அதே பாட்டியிடம் அடுத்ததாக, “பொம்மி செஞ்சது சரியா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “பொட்டப்புள்ள அப்பன் பேச்சைக் கேட்டிருக்கணும்” என்றார். பிறப்பைத் திருடியதைக் கண்டுபிடித்த கண், முடிவைத் திருடியதைக் கண்டுபிடிக்கவில்லை. பாட்டியை விடுங்கள். நம் தோழர்கள் எத்தனை பேர் வீட்டில் இதைக் கண்டுபிடித்திருக்கிறோம்? மேடையில் சாதி மறுப்புத் திருமணத்தை வாழ்த்திவிட்டு, வீட்டில் தங்கச்சி போனை வாங்கிப் பார்க்கிற அண்ணன்மார் நம் இயக்கங்களில் இல்லையா? மாதம் இரண்டு குடும்பங்களாவது இந்தப் பஞ்சாயத்தோடு என்னிடம் வருகிறார்கள். எல்லாரும் எதிர்ச்சாதிக்காரர் இல்லை.

நம் படங்களையும் கேட்போம். ‘பரியேறும் பெருமாள்’ 2018-இல் வந்தபோது நான் தியேட்டரில் எழுந்து நின்று கைதட்டினேன், இன்றும் கைதட்டுவேன். ஆனால் ஜோவுக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது. தன் வீட்டார் என்ன செய்தார்கள் என்றே அறியாத வெள்ளை மனசுக்காரியாகவே நிற்கிறாள். பொம்மியின் முடிவுக்குப் பொய்யான காரணம் காட்டினார்கள் என்றால், ஜோவை முடிவெடுக்கும் இடத்துக்கே கொண்டுவரவில்லை. ஒரு தலித் பெண் தன் காதலையும் தன் அரசியலையும் தன் வாயால் பேசி, யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் நிற்பதைப் பெருந்திரையில் நான் பார்த்தது 2022-இல், ‘நட்சத்திரம் நகர்கிறது’ ரெனேவில்தான். ‘காளிதாஸ்’ வந்து 91 வருடம் கழித்து.

*

1990-களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல். என் அம்மா அதில் ஒருத்தி. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், பார் வைத்த சைக்கிளில் ஓட்டிப் பழகினார். அந்தப் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்துக் கொண்டு போனார். தெருவில் சிரித்தார்கள், பேசினார்கள், அம்மா மணியை அடித்துக்கொண்டே போனார். 1992-இல் புதுக்கோட்டைப் பெண்கள் இப்படிப் போய்க்கொண்டிருந்தார்கள். அதே 1992-இல் திரையில் வந்தவை ‘சின்ன கவுண்டர்’, ‘தேவர் மகன்’. காலத்தைக் குறை சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது அந்தக் காலம்?

சாதியெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022 டிசம்பரில் தண்ணீர்த் தொட்டியில் மலம் மிதந்த வேங்கைவயல் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது.

கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊர்க் கோயிலில் நிற்கிற காவல் சாமியின் கதையை உங்கள் ஆயாவிடம் கேளுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். அவர் சொல்வதில் ராஜா வருகிறாரா, சாபம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்தக் கதையை எழுதி வையுங்கள், அது நம் ஆவணம். பிறகு கதையில் வருகிற பெண்ணைப் பற்றிக் கேளுங்கள். அவள் பெயர் என்ன, அவள் என்ன சொன்னாள், அவளை யார் கேட்டார்கள். அந்த இடத்தில் ஆயா தயங்குவார். அந்தத் தயக்கத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

படிப்பகத்துத் தங்கைக்கு: பொம்மி செருப்புத் தைக்கிறவர் வீட்டுப் பிள்ளையைத்தான் விரும்பினாள். அவளுக்கு வேறு எந்தச் சேதியும் தேவைப்படவில்லை. நமக்கும் தேவையில்லை. அடுத்த ஞாயிறு ‘மிஸ்ஸியம்மா’ போடுகிறோம். கடைசிப் பத்து நிமிடத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு, முடிவை நீங்களே எழுதலாம்.